கிடைக்காத பழைய பேஸ்பால் கார்டுகள்: ஈபேயா, ஷோவா, டீலரா, ஏலமா?

“செட் முக்கால்வாசி முடிந்துவிட்டது, கடைசியாகக் கொஞ்சம் கார்டுதான் பாக்கி, எங்கே தேடியும் அகப்படவில்லை. ஈபேயிலேயே உட்கார்ந்திருக்கலாமா, இல்லை ஷோவுக்குப் போக ஆரம்பிக்கலாமா?” இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. (செட் என்றால் ஒரு நிறுவனம் ஒரு வருடத்துக்கு எண் போட்டு வெளியிட்ட கார்டுகள் மொத்தமும், ஷோ என்றால் கார்டு விற்பவர்கள் மேசை போட்டு விற்கிற சந்தை.) கேட்பவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, பையனை லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் சேர்த்து, அப்புறம் பையன் வேறு விளையாட்டுக்குப் போய்விட, கார்டு ஆசை மட்டும் அப்பாவிடம் தங்கிப்போனவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை கார்டு வாங்குகிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

எங்கே தேடுவது என்பதற்கு முன்னால், அந்தக் கார்டு ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்தாக வேண்டும். விலை அதிகமான கார்டுதான் அரிய கார்டு என்று நினைப்பவர்கள் ஏராளம். டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட 311ஆம் எண் கார்டை, நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்குப் போனது. ஆனால் அந்தக் கார்டு அரியது அல்ல. அந்த வருடம் கடைசியாக வெளிவந்த கார்டு வரிசையிலேயே மேன்டிலும் ஜாக்கி ராபின்சனும் பாபி தாம்சனும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அச்சான கார்டுகள். பணம் இருந்தால் கசங்கியதோ நல்லதோ ஏதாவது ஒரு மேன்டிலை இன்று மாலைக்குள் வாங்கிவிடலாம். அதே சமயம் 1966 டாப்ஸில் கிராண்ட் ஜாக்சன், பார்ட் ஷர்லி இரண்டு பேரும் சேர்ந்த 591ஆம் எண் புதுமுகக் கார்டு, படம் நடுவில் உட்கார்ந்து மூலை மழுங்காமல் வேண்டும் என்று இறங்கிப் பாருங்கள். அதன் விலையை மேன்டிலோடு ஒப்பிடவே முடியாது, ஆனாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

## கிடைக்காமல் போவதற்கு நாலு காரணங்கள்

முதலாவது, எல்லாரும் கேட்பதால் விலை ஏறியது. மேன்டில், 1955 டாப்ஸ் ராபர்ட்டோ கிளமென்ட்டே, 1963 டாப்ஸ் பீட் ரோஸ் போன்றவை. இவை உண்மையில் கிடைக்காத கார்டுகளே இல்லை, பர்ஸ் பிரச்சினைதான்.

இரண்டாவது, ஹை நம்பர், அதாவது செட்டின் கடைசி வரிசையில் வந்த பெரிய எண் கார்டுகள். 1973 வரை டாப்ஸ் ஒரு வருடத்துச் செட்டை ஒரே நேரத்தில் வெளியிடவில்லை, சீசன் முழுக்க வரிசை வரிசையாக விட்டது. கடைசி வரிசை கடைக்கு வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பிள்ளைகள் ஃபுட்பால் கார்டுக்குத் தாவியிருப்பார்கள், கடைக்காரரும் குறைவாகத்தான் எடுப்பார். 1952இல் விற்காமல் தேங்கிய கார்டுகளை 1960இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக, அந்தச் செட்டை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 1966இல் 523 முதல் 598 வரை, 1967இல் 534 முதல் 609 வரை, 1972இல் 657 முதல் 787 வரை, இவையெல்லாம் இந்த ரகம். அந்த வரிசைக்குள்ளேயே சில கார்டுகள் மற்றவற்றைவிடக் குறைவாக அச்சானவை. அதனால்தான் யாரென்றே தெரியாத ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு நட்சத்திர விலை கேட்கிறார்கள்.

மூன்றாவது, நல்ல நிலையில் கிடைக்காதது. 1971 டாப்ஸின் கறுப்பு ஓரம் தொட்டாலே வெள்ளையாக உதிரும், 1962இன் மரப்பலகை மாதிரியான ஓரமும் அப்படித்தான். 1952இல் 1ஆம் எண் ஆண்டி பாஃப்கோ அச்சில் குறைந்தது இல்லை. பிள்ளைகள் எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்கள், மேலே இருந்த பாஃப்கோ எல்லா அடியையும் வாங்கிக்கொண்டார். அடியில் இருந்த 407 எடி மேத்யூஸுக்கும் அதே கதி.

நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: விலை குறைவு என்பதாலேயே யாரும் விற்பனைக்குப் போடாத கார்டுகள். இரண்டு டாலர் கார்டைப் படம் எடுத்து, விவரம் எழுதி, உறையில் போட்டு அனுப்புகிற வேலைக்கே இரண்டு டாலருக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கார்டு ஆயிரம் பேர் வீட்டு அட்டைப்பெட்டியில் தூங்குகிறது, ஆனால் தேடுபொறியில் வராது. ‘இவ்வளவு சாதாரணக் கார்டு ஏன் கிடைக்கவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள்.

இவை தவிர, உண்மையிலேயே சொற்பமாக இருப்பவை தனி உலகம். 1954இல் வில்சன் ஹாட்டாக் பொட்டலத்துக்குள் வந்த டெட் வில்லியம்ஸ் கார்டு, அந்தச் செட்டே 20 கார்டுதான், பலவற்றில் இறைச்சியின் எண்ணெய்க்கறை இன்னும் இருக்கிறது. கூடி என்ற சூயிங் கம் நிறுவனம் தன் 1933 செட்டில் 106ஆம் எண்ணை விட்டுவிட்டது. பிள்ளைகள் அதைத் தேடி வாங்கி வாங்கி அலுத்துப்போய்க் கடிதம் எழுத, 1934இல் நாப் லாஜவே கார்டை அச்சடித்து, எழுதியவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள். இடையில் ஒன்று: 1953 டாப்ஸில் 253, 261, 267, 268, 271, 275 ஆகிய எண்கள் வெளிவரவே இல்லை. அவற்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து விஷயம். அந்த இடத்தில் கார்டு தென்படுகிற வாய்ப்பு எவ்வளவு. வரி, தபால், கமிஷன் எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போகிற மொத்தத் தொகை எவ்வளவு. வாங்குவதற்கு முன் கார்டைச் சரியாகப் பார்க்க முடிகிறதா. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா. உங்கள் நேரம் எவ்வளவு போகும். கடைசி விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஐந்து டாலர் மிச்சம் பிடிக்க மூன்று ராத்திரி கண்விழிக்கிறவர்களை எனக்குத் தெரியும், அது பொழுதுபோக்கு என்றால் சரி, சிக்கனம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை (கிரேடு என்றால் ஒரு நிறுவனம் கார்டின் நிலைக்கு எண் கொடுத்துப் பிளாஸ்டிக் கவசத்தில் அடைப்பது, பையர்ஸ் பிரீமியம் என்றால் ஏலத்தில் வாங்குபவர் விலைக்கு மேல் கட்டும் கமிஷன், லாட் என்றால் பல கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து விற்பது):

| கார்டின் ரகம் | முதலில் போக வேண்டிய இடம் | இரண்டாவது | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| பிரபல நட்சத்திரம் | ஈபே, கிரேடு செய்த பிரதி | ஏல நிறுவனம் | விற்பனை வரி, பையர்ஸ் பிரீமியம் |
| ஹை நம்பர் | பழைய கார்டு டீலர் | பெரிய ஷோ | நிலைக்கு ஏற்ற கூடுதல் விலை, பயணம் |
| நல்ல நிலையில் அரியது | ஷோ, கையில் எடுத்துப் பார்த்து | டீலர் | ஈபே படத்தை நம்பி வாங்கித் திருப்பி அனுப்புவது |
| யாரும் விற்காத மலிவுக் கார்டு | சேகரிப்பவர்களோடு மாற்றுதல் | மொத்த லாட் | தபால் செலவு கார்டு விலையைத் தாண்டுவது |
| வட்டார உணவுப் பொட்டலக் கார்டுகள் | ஏல நிறுவனம் | பெரிய ஷோ | பிரீமியம், காப்பீடு, பொறுமை |

இனி ஒவ்வொன்றாக.

## ஈபே

எல்லாரும் தொடங்குகிற இடம், பலர் முடித்துக்கொள்கிற இடமும் இதுவே. பிரபலக் கார்டுகளுக்கு இதைவிடப் பெரிய சந்தை கிடையாது. விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டால் கடந்த சில வாரங்களில் அதே கார்டு என்ன விலைக்குப் போனது என்று தெரியும். பேரம் ஏற்று விற்ற கார்டுகளில் மட்டும் ஈபே உண்மையான தொகையைக் காட்டாமல் கேட்ட விலையை அடித்துக் காட்டும். அதற்கு 130 பாயிண்ட் என்ற தளத்தில் போய்ப் பார்த்தால் நிஜ விலை தெரிந்துவிடும்.

ஆனால் தேடல் பெட்டியில் கார்டு எண்ணையும் பெயரையும் போட்டு ‘இல்லை’ என்று வந்ததும் விட்டுவிடாதீர்கள். பழைய கார்டு விற்பவர்களில் நிறையப் பேர் ‘1966 டாப்ஸ், விரும்பியதை எடுத்துக்கொள்’ என்று ஒரே விற்பனைப் பக்கம் போட்டு, நூற்றுக்கணக்கான கார்டுகளை உள்ளே ஒரு பட்டியலில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆட்டக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால் இது பெரும்பாலும் மேலே வராது. ஆண்டையும் செட் பெயரையும் மட்டும் போட்டுத் தேடி, அந்தப் பக்கங்களைத் திறந்து, பட்டியலை இழுத்துப் பார்க்க வேண்டும். நாலாவது ரகக் கார்டுகள் ஈபேயில் இருந்தால் இங்கேதான் இருக்கும்.

இன்னொரு நல்ல விஷயம், விற்பவருக்கே தெரியாத வேறுபாடுகள். 1958 டாப்ஸில் சில கார்டுகளில் பெயரோ அணியோ வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எழுத்தில் இருக்கும். 1969இல் 440 முதல் 511 வரையிலான சிலவற்றில் மஞ்சளாக இருக்க வேண்டிய எழுத்து வெள்ளையாக இருக்கும். 1962இன் இரண்டாம் வரிசையில் படமே பச்சைச் சாயலோடு அச்சானவை உண்டு. இவற்றைத் தலைப்பில் குறிப்பிட்டு விற்பவர்கள் விலையையும் சேர்த்தே ஏற்றியிருப்பார்கள். குறிப்பிடாதவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற பொறுமை உள்ளவருக்குச் சாதாரண விலையில் மாட்டும்.

செலவு விஷயம். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில், வெளிமாநில இணைய விற்பனைக்கும் மாநிலங்கள் வரி கேட்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு விற்பனை வரி கிட்டத்தட்ட எல்லா மாநிலத்துக்கும் பிடிக்கப்படுகிறது, பட்டியலில் பார்க்கும் விலையில் அது இருக்காது. தபால் செலவு அடுத்தது. 20 டாலருக்கு உட்பட்ட கார்டுகளுக்கு ஈபேயின் மலிவு உறைத் தபால் உண்டு, எல்லா விற்பனையாளரும் அதைத் தருவதில்லை. மூன்று டாலர் கார்டுக்கு ஐந்து டாலர் தபால் என்றால் அது எட்டு டாலர் கார்டு, வேறு மாதிரிப் பார்க்கவே கூடாது. ஒரே விற்பனையாளரிடம் பல கார்டுகளைச் சேர்த்து வாங்கினால் தபாலைக் குறைப்பார்கள். அதனால் தேவையான ஒன்று கிடைத்ததும் பணம் கட்டாமல் அவருடைய மற்ற சரக்கையும் பாருங்கள்.

படங்கள்தான் பெரிய தலைவலி. ஸ்கேனர் வெளிச்சத்தில் மெல்லிய மடிப்பு மறைந்துவிடும். உறைக்குள் வைத்து எடுத்த படத்தில் மூலை தெரியாது. பின்பக்கப் படம் போடாதவரிடம் கேட்டு வாங்குங்கள், அனுப்பாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். விலை ஒரு வரம்பைத் தாண்டிய கார்டுகளை ஈபேயே இடையில் வாங்கிச் சரிபார்த்து அனுப்புகிற ஏற்பாடு 2022இல் வந்தது, பெரிய தொகைக்கு அது நிம்மதி. சிறு தொகைக்கு நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

## கார்டு ஷோ

ஓரம் உதிர்ந்திருக்கிறதா, மேற்பரப்பு மினுமினுப்பு இருக்கிறதா, யாராவது கத்தரித்திருக்கிறார்களா என்பதெல்லாம் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். 1971 கறுப்பு ஓரத்தில் பேனா மையைப் பூசி மறைத்திருப்பதைத் திரையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். அதனால் மூன்றாவது ரகத்துக்கு நான் எப்போதும் ஷோவைத்தான் சொல்வேன்.

எல்லா ஷோவும் ஒன்றல்ல. ஹோட்டல் ஹாலில், தீயணைப்பு நிலைய மண்டபத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் உள்ளூர் ஷோக்களில் இப்போது மேசைக்கு மேசை பளபளக்கும் புதுக் கார்டுகள்தான். முழு ஹாலிலும் பழைய சரக்கு வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிர்ஷ்டம். போவதற்கு முன் நடத்துபவரிடம் பழைய கார்டு டீலர் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சில டீலர்களிடம் முன்கூட்டியே பட்டியல் அனுப்பினால், வீட்டில் இருக்கும் பெட்டியிலிருந்து தேடி எடுத்தும் வருவார்கள். நானறிந்தவரை ஷோவில் இதைவிடப் பலன் தருகிற காரியம் இல்லை.

பெரியது நேஷனல் என்ற வருடாந்திர ஷோ. 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது, ஜூலை கடைசியில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில், அடிக்கடி சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்டில், சில வருடம் கிளீவ்லாண்டிலோ அட்லான்டிக் சிட்டியிலோ நடக்கும். அங்கே 1966 ஹை நம்பர் மட்டுமே நிரம்பிய பைண்டர்களைப் பார்க்கலாம், வட்டார இறைச்சிக் கம்பெனிக் கார்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம், வேறெங்கும் இவை ஒரே கூரையின் கீழ் வராது. கூடவே விமானம், ஹோட்டல், நுழைவுச்சீட்டு, பார்க்கிங். ஐந்தாறு கார்டு பாக்கியுள்ளவர் நேஷனலுக்குப் போவது கணக்குக்கு ஒத்துவராது, ஐம்பது அறுபது பாக்கியுள்ளவருக்கு ஒத்துவரும். மற்றபடி சும்மா சுற்றிப்பார்க்கப் போவது வேறு கதை, அதற்குக் கணக்கே வேண்டாம்.

பேரம் பற்றி: ஒரு கார்டைத் தூக்கிக்காட்டி விலை கேட்டால் எழுதியிருப்பதையே சொல்வார். பதினைந்து கார்டை அடுக்கி ‘மொத்தம் என்ன?’ என்று கேளுங்கள், அப்போதுதான் பேச்சே தொடங்கும். பணமாகக் கொடுத்தால் இன்னும் இறங்கும். கடைசி நாள் மதியம், பெட்டிகளை வண்டியில் ஏற்ற வேண்டிய நேரம் நெருங்கும்போது தி.நகர் ஆடித் தள்ளுபடி மாதிரி ஆகிவிடும், ஆனால் நல்லவை முதல்நாள் காலையிலேயே போயிருக்கும். ஒரே ஒரு கார்டுக்காகப் போகிறவர் முதல் நாள் போக வேண்டும், பட்டியலோடு போகிறவர் கடைசி நாள் போனாலும் போதும்.

பட்டியல், பூதக்கண்ணாடி, சின்ன ஸ்கேல் மூன்றும் கையில் இருக்கட்டும். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾. 1957இலிருந்து 2½க்கு 3½. அளவு குறைந்தால் யாரோ கத்தரித்திருக்கலாம். 1952 செட்டை டாப்ஸே 1983இல் மறுஅச்சு போட்டது, அது சின்ன அளவு, பின்னால் மறுஅச்சு என்று எழுதியும் இருக்கும். இருந்தும் ஒவ்வொரு ஷோவிலும் யாராவது ஒருவர் அதை நிஜம் என்று நம்பிக்கொண்டு வந்து நிற்பார்.

## பழைய கார்டு டீலர்களின் இணையக் கடைகள்

சின்சினாட்டியின் டீன்ஸ் கார்ட்ஸ், விஸ்கான்சினில் ஸ்டீவன்ஸ் பாயின்ட்டில் இருக்கும் லாரி ஃப்ரிட்ச் கார்ட்ஸ் போன்ற கடைகளைச் சொல்கிறேன். செட்டைத் திறந்தால் எண் வரிசையில் ஒவ்வொரு கார்டும், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிலையில் பிரதிகளும் விலையோடு இருக்கும்.

இங்கே விலை ஈபேயைவிடக் கூடுதல், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதற்குக் கூடுதல் கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஹை நம்பர் பன்னிரண்டு கார்டை ஈபேயில் பன்னிரண்டு பேரிடம் வாங்கினால் பன்னிரண்டு தபால் செலவு, அவற்றில் இரண்டு மூன்று படத்தில் பார்த்த மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், எல்லாம் வந்து சேர மாதங்கள் ஆகும். டீலரிடம் ஒரே ஆர்டர், ஒரே தபால். நிலையை மதிப்பிடுவதில் நல்ல டீலர்கள் கறாராக இருப்பார்கள், அவர் ‘எக்ஸலன்ட்’ என்று போட்டால் அது அப்படித்தான் இருக்கும். ஈபேயில் பல பேர் அதே கார்டை அதைவிட உயர்ந்த ‘நியர் மின்ட்’ என்று எழுதுவார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்தால் விலை இடைவெளி பாதியாகச் சுருங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

1963 ஃப்ளீர் மாதிரிச் சின்னச் செட்டுகளுக்கு இது இன்னும் பொருந்தும். பிஸ்கட்டோடு விற்ற செட் அது, டாப்ஸ் நீதிமன்றத்துக்குப் போனதால் முதல் வரிசையோடு நின்றுபோனது. 46ஆம் எண் ஜோ அட்காக்கும் எண் போடாத பட்டியல் கார்டும்தான் எல்லாருக்கும் பாக்கி நிற்கும். இந்த இரண்டு கார்டுக்காக ஈபேயில் தினமும் காவல் இருப்பதைவிட டீலரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து முடித்துவிடலாம்.

டீலர் சரிப்படாத இடமும் உண்டு. மலிவுக் கார்டுகளுக்குக் கூட இவர்கள் ஒரு அடிப்படை விலை வைத்திருப்பார்கள், 1970களின் சாதாரணக் கார்டு நூறு வாங்கினால் கையைக் கடிக்கும். அதற்கு ஸ்போர்ட்லாட்ஸ் மாதிரித் தளம் மேல், அங்கே சில்லறைக் காசுக்கே கார்டு கிடைக்கும். காம்சி என்ற தளத்தையும் பார்க்கலாம். பல பேருடைய சரக்கை வாங்கி அவர்கள் கிடங்கிலேயே சேர்த்து வைத்து, வேண்டும்போது ஒரே பெட்டியாக அனுப்பச் சொல்லலாம்.

## சேகரிப்பவர்களுக்குள் மாற்றிக்கொள்வது

நாலாவது ரகத்துக்கு இதுதான் வழி. அந்தக் கார்டு விற்பனைக்கு வராது, ஆனால் யாரோ ஒருவரிடம் இரட்டைப் பிரதியாக இருக்கும், அவருக்கு வேண்டியது உங்கள் பெட்டியில் இருக்கும். டிரேடிங் கார்டு டேட்டாபேஸ் என்ற தளத்தில் உங்களிடம் இருப்பதையும் தேவைப்படுவதையும் ஏற்றிவிட்டால் யாரோடு பொருந்துகிறது என்று அதுவே காட்டும். ஏற்றுவது அலுப்பான வேலை, மழைநாள் ஞாயிறுகள் சில போய்விடும்.

இங்கே செலவாவது நேரமும் நம்பிக்கையும். புதிதாகச் சேர்ந்தவர்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். அதனால் முதல் சில மாற்றங்களைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொடுக்க ஒன்றும் கையில் இல்லாதவருக்கு இந்த வழி திறக்காது. ஆனால் ஒருமுறை பழகிவிட்டால், உங்கள் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு தங்கள் ஊர் ஷோவில் உங்களுக்காகத் தேடுகிறவர்கள் கிடைப்பார்கள். காசு கொடுத்து அதை வாங்க முடியாது.

## மொத்த லாட்

‘செட்டில் 80 சதவீதம்’ என்று வரும் லாட்டைப் பார்த்ததும் ஆசை வரும். ஒரு கார்டுக்கு விழும் விலை உண்மையிலேயே குறைவுதான். ஆனால் விற்பவர் நட்சத்திரங்களையும் ஹை நம்பரையும் உருவிவிட்டுத்தான் மிச்சத்தை லாட்டாகப் போடுவார், அதாவது உங்களிடம் ஏற்கனவே இருக்கும் கார்டுகளைத்தான் மறுபடி வாங்குவீர்கள். இன்னும் தொடங்காதவருக்கு லாட் அருமையான தொடக்கம். கடைசிக் கார்டுகளில் நிற்பவருக்கு, எண் வரிசைப்படி முழுப் பட்டியல் தருகிறவரிடம் மட்டும், அதுவும் இரட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும்.

## ஏல நிறுவனங்கள்

ஹெரிடேஜ், ராபர்ட் எட்வர்ட், லவ் ஆஃப் தி கேம் மாதிரி நிறுவனங்கள். உலகப் போருக்கு முந்தைய புகையிலை, மிட்டாய்க் கார்டுகளும் வட்டார உணவுப் பொட்டலக் கார்டுகளும் இங்கேதான் முறையாக வருகின்றன. பழைய குடும்பச் சேகரிப்புகள் முதலில் இவர்கள் கைக்குப் போவதுதான் காரணம். 2012இல் ஒஹையோவின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு வீட்டுப் பரணில் நூற்றுச் சொச்சம் ஆண்டு பழைய மிட்டாய்க் கார்டுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தபோது அவை ஹெரிடேஜ் வழியாகத்தான் சந்தைக்கு வந்தன.

ஏலத்தில் நீங்கள் கேட்கும் தொகை கட்டும் தொகை அல்ல. அதன்மேல் பையர்ஸ் பிரீமியம் சுமார் 20 சதவீதம், அதன்மேல் விற்பனை வரி, அப்புறம் காப்பீட்டோடு தபால். 500 டாலருக்கு மேல் போகமாட்டேன் என்று முடிவு செய்தால் கேட்க வேண்டிய உச்சம் 380 வாக்கில் நிற்க வேண்டும். கடைசி இரவில் யாராவது புதிதாகக் கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போகும், நள்ளிரவைத் தாண்டித் தூக்கக் கலக்கத்தில் ஏற்றிவிடுகிற ஐம்பது டாலர்தான் இந்தத் தொழிலுக்கே சோறு போடுகிறது. உச்சத் தொகையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1960களின் சாதாரண ஹை நம்பருக்கு இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

## கிரேடு செய்ததா, செய்யாததா

எங்கே வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். மேன்டில், கிளமென்ட்டே மாதிரிப் பெரிய தொகைக்குப் பிஎஸ்ஏ அல்லது எஸ்ஜிசி என்ற கிரேடு நிறுவனங்களின் கவசத்தில் இருப்பதை வாங்குங்கள், போலிக்கும் கத்தரிப்புக்கும் அது நல்ல பாதுகாப்பு. சாதாரண ஹை நம்பருக்குக் கிரேடு வேண்டாம், கிரேடு செய்ய ஆகும் செலவையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். அப்புறம் பைண்டரில் வைக்க அந்தக் கவசத்தை உடைக்க வேண்டும்.

கவசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் இல்லை. பிஎஸ்ஏ முதன்முதலில் கிரேடு செய்த கார்டே டி206 என்ற பழைய புகையிலைக் கார்டு செட்டின் ஹோனஸ் வேக்னர்தான், பத்துக்கு 8 கொடுத்தார்கள். அதன் ஓரத்தைத் தானே கத்தரித்ததாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எண்ணைப் பார்த்து வாங்காமல் கார்டைப் பார்த்து வாங்குங்கள். ஒரே 5 கிரேடில் படம் நடுவில் இருக்கும் கார்டும் ஒரு பக்கம் சாய்ந்த கார்டும் அதே விலைக்குக் கிடைக்கிற நாட்கள் உண்டு.

## டொரன்டோ பக்கம் இருப்பவர்களுக்கு

ஸ்கார்பரோவிலிருந்தும் இதே கேள்வி வருகிறது, அவர்களுக்கு இன்னொரு தேர்வும் உண்டு. ஒன்டாரியோவின் லண்டன் நகரத்து ஓ-பீ-சீ நிறுவனம் 1965இலிருந்து டாப்ஸ் வடிவத்திலேயே கனடாவுக்கு பேஸ்பால் கார்டு அச்சடித்தது, 1970இலிருந்து பின்பக்கம் பிரெஞ்சும் சேர்ந்தது. அச்சு எண்ணிக்கை டாப்ஸைவிட மிகக் குறைவு. முன்பக்கம் ஒரே மாதிரி இருப்பதால் உள்ளூர் ஷோவில் டாப்ஸ் பெட்டிக்குள் கலந்து கிடக்கும், புரட்டிப் பார்த்தால்தான் கனடாவில் அச்சானது என்ற வரி தெரியும். செட்டுகள் சின்னவை, 1966 முதல் 1968 வரை ஒவ்வொன்றிலும் 196 கார்டுதான், ஹை நம்பர் தொல்லையே இல்லை. அமெரிக்க டீலரிடம் வாங்கினால் எல்லையில் வரியும் அதை வசூலிக்கத் தபால் நிறுவனம் போடும் கட்டணமும் சேரும். ஆகவே டாப்ஸ் செட்டுக்கு அமெரிக்கப் பயணம் ஒன்றோடு சேர்த்து ஷோவைத் திட்டமிடுங்கள், ஓ-பீ-சீக்கு ஒன்டாரியோவை விட்டு நகர வேண்டாம்.